பேச மறுத்த மகள்: மோலியரின் நாடகமும் குனோவின் ஒபெராவும்

உயர்தரக் கலைப்பிரிவு மாணவி

ஒரு கலைவடிவத்தில் பிறந்த படைப்பு இன்னொரு கலைவடிவத்திற்குச் செல்லும்போது அதன் உயிர் கூடுகிறதா, குறைகிறதா? தழுவல் பற்றிப் பேசும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. நாவல் ஒன்று திரைப்படமாக வந்தால், பார்த்து முடித்தவர்களில் ஒருவர் "புத்தகம்தான் நல்லது" என்பார். இன்னொருவர் "படம்தான் நல்லது" என்பார். எது மாறியது, ஏன் மாறியது என்று கேட்பவர்கள் குறைவு. நாடகமும் அரங்கியலும் கற்கும் எமக்கோ அந்தக் கேள்விதான் முக்கியமானது.

அதற்கு விடை தேட மிகப் பொருத்தமான உதாரணம் ஒன்று பிரெஞ்சு அரங்கில் உண்டு. மோலியர் எழுதிய நகைச்சுவை நாடகம் ஒன்றை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின்னர் சார்ல் குனோ என்ற இசையமைப்பாளர் ஒபெராவாக்கினார். இரண்டிற்கும் ஒரே பெயர்தான். 'விரும்பாமலே வைத்தியனானவன்' என்று அதனைத் தமிழில் கூறலாம். சிரிக்க வைக்கும் இந்தக் கதையின் நடுவே பேசாத ஒரு மகளும், அவள் சொல்வதைக் கேட்காத ஒரு தந்தையும் இருக்கிறார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து சென்றால் தழுவல் என்றால் என்ன என்பதும் விளங்கும் என நினைக்கிறேன்.

மூல நாடகம்

மோலியரின் இயற்பெயர் ஜோன் பப்டிஸ்ட் பொக்லன். 1622ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தவர். நாடகம் எழுதியதோடு நில்லாமல், தமது குழுவை நடத்தி, முக்கிய பாத்திரங்களில் தாமே நடித்தும் வந்தார். இந்நாடகம் 1666 ஓகஸ்ட் 6ஆம் திகதி பாரிஸின் பலே ருவயால் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. கதாநாயகன் ஸ்கானரெல்லாக நடித்தவரும் மோலியரே.

ஸ்கானரெல் ஒரு விறகுவெட்டி. சம்பாதிப்பதைக் குடித்து அழிப்பவன். கேள்வி கேட்கும் மனைவி மார்ட்டீனைத் தடியால் அடிக்கிறான். அவள் பழிவாங்கத் துடிக்கிறாள். அந்நேரம் வலேர், லூக்காஸ் என்ற இரு பணியாளர்கள் அவ்வழியே வருகிறார்கள். அவர்களின் எசமான் ஜெரோந்தின் மகள் லுசேந்த் திடீரென ஊமையாகிவிட்டாள். அதற்காக வைத்தியர் ஒருவரைத் தேடுகிறார்கள். மார்ட்டீனுக்கு வழி கிடைத்துவிடுகிறது. "அதோ விறகு வெட்டுகிறாரே, அவர் பெரிய வைத்தியர். ஆனால் விசித்திரமான மனிதர். நன்றாக அடித்தால்தான் தாம் வைத்தியர் என்பதை ஒப்புக்கொள்வார்" என்ற கருத்துப்பட அவர்களிடம் கூறிவிடுகிறாள். அவர்களும் அப்படியே செய்கிறார்கள். அடி தாங்க முடியாத ஸ்கானரெல் தானும் ஒரு வைத்தியன்தான் என ஏற்றுக்கொள்கிறான்.

ஜெரோந்தின் வீட்டில் ஸ்கானரெல் வைத்திய அங்கியும் கூரிய தொப்பியும் அணிந்து நிற்கிறான். இருவரும் தொப்பியைக் கழற்ற வேண்டாம் என்று பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போக்கிரட்டீசே சொல்லியிருப்பதாகக் கூறுகிறான். எந்த அத்தியாயத்தில் என்று கேட்டால், தொப்பிகள் பற்றிய அத்தியாயத்தில் என்கிறான்! வீட்டாருக்கு இலத்தீன் தெரியாது என்பதை முதலில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, அதன்பின் இலத்தீன் போன்ற ஏதோவொன்றை உளறுகிறான். இதயம் வலப்பக்கம் இருப்பதாகச் சொல்கிறான். ஜெரோந்துக்குச் சந்தேகம் வருகிறது. மருத்துவத்தில் இப்போது அதையெல்லாம் மாற்றியாகிவிட்டது என்ற பதிலோடு சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. மதுவில் தோய்த்த பாண் கொடுத்தால் கிளி பேசுகிறதல்லவா, ஆகவே இந்தப் பெண்ணுக்கும் அதையே கொடுக்கலாம் என்பது அவனது சிகிச்சை.

உண்மையில் லுசேந்துக்கு எந்த நோயும் இல்லை. அவள் லெயாந்தர் என்ற இளைஞனை விரும்புகிறாள். தந்தையோ பணக்காரன் ஒருவனுக்கு அவளை மணமுடித்து வைக்க நினைக்கிறார். மறுத்துப் பார்த்தும் பயனில்லாத மகள் ஊமையாகிவிடுகிறாள். இறுதியில் ஸ்கானரெல் லெயாந்தரை மருந்து கலப்பவனாக வேடமிட்டு உள்ளே அழைத்து வருகிறான். லுசேந்துக்குப் பேச்சு வருகிறது. காதலர்கள் ஓடிவிடுகிறார்கள், ஸ்கானரெல் தூக்குமேடையின் விளிம்புக்கே போகிறான். அவ்வேளை லெயாந்தர் திரும்பி வருகிறான். மாமன் இறந்து அவனுக்குப் பெருஞ்சொத்து கிடைத்திருக்கிறது. அதைக் கேட்டதும் ஜெரோந்துக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிடுகிறது.

மூலத்திற்கும் ஒரு மூலம்

மோலியரின் நாடகமும் முற்றிலும் புதிதாகப் பிறந்ததன்று. மனைவியை அடிக்கும் குடியானவன் ஒருவன், அவளுடைய தந்திரத்தால் அடிவாங்கி வைத்தியனாகும் கதை பிரான்சில் 13ஆம் நூற்றாண்டிலேயே செய்யுள் வடிவில் வழங்கியது. அந்தப் பழைய கதையில் நோயாளி ஓர் இளவரசி. அவளது தொண்டையில் மீன்முள் சிக்கியிருக்கிறது. போலி வைத்தியன் கோமாளித்தனம் செய்து அவளைச் சிரிக்க வைக்க, முள் வெளியே வந்து விழுகிறது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பழைய கதையின் பெண்ணுக்குத் தொண்டையில் உண்மையான தடை ஒன்று இருந்தது. மோலியரின் லுசேந்துக்கு அப்படியொன்றும் இல்லை. அவளைப் பேசவிடாமல் தடுப்பது தந்தையின் முடிவு. மீன்முள் இருந்த இடத்தில் ஒரு திருமணப் பேச்சு வந்துவிட்டது. கதை ஏறக்குறைய அதுவேதான். ஆனால் ஒரு பெண்ணின் மௌனத்திற்கு மோலியரின் நாடகத்தில் காரணம் கிடைத்துவிடுகிறது. நல்ல தழுவல் கதையை வைத்துக்கொண்டு கேள்வியை மாற்றுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஒபெரா உருவான வரலாறு

சார்ல் குனோ 1818ஆம் ஆண்டு பாரிஸில் பிறந்தவர். அவரது ஆரம்பகால ஒபெராக்கள் பெரிய வெற்றியைப் பெறவில்லை. 1850களின் பிற்பகுதியில், ஜெர்மானியக் கவிஞர் கோதேயின் 'ஃபவுஸ்ட்' கதையை ஒபெராவாக்க அவர் முனைந்தார். எழுத்துருவை ஜூல் பர்பியே, மிஷேல் கரே ஆகிய இருவரும் எழுதினர். ஆனால் பாரிஸின் வேறோர் அரங்கில் அதே கதை நாடகமாக வரவிருந்ததால், லிரிக் அரங்கின் பொறுப்பாளர் லெயோன் கர்வால்யோ இம்முயற்சியைப் பிற்போட்டார். இடைக்காலத்தில் மோலியரின் நகைச்சுவை ஒன்றுக்கு இசையமைக்கலாம் என்ற யோசனை அப்போதுதான் வந்தது. அதே எழுத்தாளர்கள் இருவரும் எழுத்துருவைத் தயாரித்தனர்.

அப்போது எதிர்ப்பு எழுந்தது. 1680இல் தோன்றிய கொமெடி பிரான்சேஸ் என்னும் தேசிய அரங்கு 'மோலியரின் இல்லம்' என்றே அழைக்கப்படுவது. மோலியரின் நாடகம் வேறோர் அரங்கில் பாட்டாக மாறுவதை அது தடுக்க முயன்றது. அக்காலப் பாரிஸில் எந்த அரங்கு எவ்வகை ஆற்றுகையை மேடையேற்றலாம் என்பதை அரசே தீர்மானித்து வந்தது. அக்கட்டுப்பாடு நீங்கியது 1864ஆம் ஆண்டில்தான். எனவே எதிர்ப்பு சாதாரணமானதாக இருக்கவில்லை. பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் உறவினரான இளவரசி மத்தில்ட் தலையிட்ட பின்னரே வழி பிறந்தது.

1858 ஜனவரி 15ஆம் திகதி ஒபெரா அரங்கேறியது. மோலியரின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் நாள் அது. குனோவுக்கு அது முதலாவது உண்மையான வெற்றியாக அமைந்தது. ஆனால் மறுநாளே அவரது தாயார் காலமானார். இளம் வயதில் தந்தையை இழந்த குனோவை வளர்த்தவரும், அவருக்கு முதன்முதலில் இசை கற்பித்தவரும் அந்தத் தாயே. மண்டபத்தை நிறைத்த சிரிப்பும் வீட்டின் துயரமும் அடுத்தடுத்த நாட்களில் வந்தன. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் 'ஃபவுஸ்ட்' மேடையேறியதோடு குனோவின் புகழ் உலகெங்கும் பரவியது. அதனால் இந்தச் சிறிய நகைச்சுவை ஒபெரா அதன் நிழலில் மறைந்துபோனது.

வசனமும் பாட்டும்

ஒபெரா என்றதும் தொடக்கம் முதல் முடிவு வரை பாடிக்கொண்டே இருப்பார்கள் என்று நினைக்கிறோம். இது அந்த வகையன்று. 'ஒபெரா கொமீக்' எனப்படும் பிரெஞ்சு வகையில் பேச்சு வசனமும் பாட்டும் மாறி மாறி வரும். எனவே மோலியரின் உரைநடை வசனங்களைப் பெருமளவில் அப்படியே பேச விட்டு, சில இடங்களை மட்டும் பாட்டாக்க முடிந்தது. எந்த இடங்களைத் தெரிவு செய்தார்கள் என்பதில்தான் தழுவியவர்களின் திறமை தெரிகிறது.

முதலாவது, கணவன் மனைவி சண்டை. ஒபெரா இவ்விருவர் பாடலோடு தொடங்குகிறது. பேச்சு நாடகத்தில் இருவர் ஒரே நேரத்தில் கத்தினால் எதுவும் விளங்காது. பாட்டில் இரண்டு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் காது இரண்டையும் பின்தொடர்கிறது.

இரண்டாவது, அடி விழும் காட்சி. வலேர், லூக்காஸ், ஸ்கானரெல் மூவரும் பாடும் பாடல் இது. மரியாதையாக வணங்குவதும், கேட்பதும், மறுத்ததும் தடியைத் தூக்குவதுமாக மூல நாடகத்தின் காட்சியே திரும்பத் திரும்ப நிகழும் செயல்களால் ஆனது. திரும்ப வருதல் இசையின் இயல்பும் ஆகும்.

மூன்றாவது, புதிதாகச் சேர்க்கப்பட்டது. மோலியரின் நாடகத்தில் ஸ்கானரெல் தனியாகவே விறகு வெட்டுகிறான். ஒபெராவுக்குக் கூட்டுப் பாடல் தேவை. எனவே விறகுவெட்டிகளின் கூட்டம் ஒன்று முதலாம் அங்கத்தில் வந்து பாடுகிறது. இதனால் ஸ்கானரெல் தனிமனிதன் என்ற நிலை மாறி, உழைக்கும் கூட்டத்தில் ஒருவனாகத் தெரிகிறான். நாளை வைத்திய அங்கி அணியப் போகிறவன் எங்கிருந்து வந்தவன் என்பது பார்வையாளரின் மனதில் பதிகிறது.

இசையிலும் குனோ ஒரு நுட்பம் செய்தார். தம் காலத்து இசையோடு, மோலியர் காலத்துப் பழைய பிரெஞ்சு இசையின் சாயலையும் ஆங்காங்கே கலந்தார். பழைய நாடகத்திற்கு அதன் வயதுக்கேற்ற ஆடையை அணிவித்தது போன்றது அது.

பாட வேண்டியவள் பாடாதபோது

இப்போது லுசேந்திடம் வருவோம். ஒபெராவில் சொப்ரானோ என்பது பெண் குரலில் மிக உயர்ந்தது. காதலிக்கும் இளம்பெண்ணின் பாத்திரம் பெரும்பாலும் அக்குரலுக்கே வழங்கப்படும். மிக அழகான பாடல்களும் அவளுக்கே அமையும். லுசேந்தும் சொப்ரானோதான். ஆனால் அவள் ஊமையாக நடிப்பவள்! எல்லோரும் பாடும் மேடையில், பாடுவதற்கென்றே வந்தவளுக்கு நெடுநேரம் சொற்களே இல்லை.

பேச்சு நாடகத்தில் ஒரு பாத்திரம் பேசாமல் இருப்பது வழக்கமானதே. ஒபெராவில் அப்படியன்று. சுற்றியிருப்பவர்கள் பாடப்பாட, பாடாதவளின் மௌனம் இன்னும் பெரிதாகக் கேட்கிறது. இரண்டாம் அங்கத்தில் வைத்தியப் பரிசோதனை அறுவர் பாடலாக அமைந்திருக்கிறது. போலி வைத்தியன், தந்தை, பணியாளர்கள், தாதி ஜாக்லின் என எல்லோரும் நோயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நோயாளிக்கு என்ன வேண்டும் என்று அவர்களில் எவரும் கேட்பதில்லை. சிரித்துக்கொண்டே கேட்கும்போது இது புலப்படாது. பாட்டு முடிந்த பின்னர்தான் உறைக்கும்.

மூன்றாம் அங்கத்தில் நிலைமை தலைகீழாகிறது. பேச்சு திரும்பிய லுசேந்தின் முதல் வேலை மறுப்பதுதான். இக்காட்சி ஐவர் பாடலாக வருகிறது. தந்தை ஒரு சொல் சொல்வதற்குள் அவள் பத்துச் சொற்களால் மறுக்கிறாள். அந்தத் திருமணத்திற்கு ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன் என்பதை ஒவ்வொரு விதமாகவும் சொல்லித் தீர்க்கிறாள். மோலியரின் வசனத்திலேயே இந்த வேகம் இருக்கிறது. குனோ அதற்குச் சுருதியும் தாளமும் கொடுத்தார். அடைத்து வைத்த நீர் அணையை உடைத்துக்கொண்டு பாய்வது போன்ற இடம் அது.

அப்போது தந்தை என்ன செய்கிறார்? மகளைப் பேச வைக்க ஊரெல்லாம் வைத்தியர் தேடியவர், அவளைப் பழையபடி ஊமையாக்கிவிடுமாறு வைத்தியனிடம் கேட்கிறார். அது தன்னால் முடியாது என்கிறான் ஸ்கானரெல். வேண்டுமானால் தந்தையைச் செவிடாக்கித் தரலாமாம்!

நாடகத்தின் உச்சக்கட்டச் சிரிப்பு இதுதான். இந்தச் சிரிப்புக்குள் ஓர் உண்மை இருக்கிறது. ஜெரோந்துக்கு மகளின் குரல் வேண்டும். ஆனால் அவள் "ஆம்" சொல்வதற்கு மட்டுமே வேண்டும். அவள் "இல்லை" என்றதும் அவருக்கு அது நோயை விடக் கொடியதாகத் தெரிகிறது. அங்கி அணிந்தவனின் பொய் இலத்தீனைப் பணிவோடு கேட்டவர், சொந்த மகளின் தெளிவான தாய்மொழியைக் கேட்கத் தயாரில்லை. மகளின் விருப்பத்தை அவர் இறுதியில் ஏற்பதும் அவள் பேசியதனால் அல்ல, மாப்பிள்ளைக்குச் சொத்து வந்ததனால். மோலியர் ஜெரோந்தைத் திருத்தவில்லை. திருந்தாத அவரைப் பார்த்து எங்களைச் சிரிக்க வைத்து, பின்னர் யோசிக்க வைக்கிறார்.

சிரிக்க முடியாத ஓர் இடம்

இந்நாடகத்தைப் படிக்கும் மாணவி ஒருத்திக்கு உறுத்தக்கூடிய ஓர் இடம் உண்டு. அது மார்ட்டீன் அடிவாங்கும் காட்சி. தடுக்க வந்த அயலவரை அவளே விரட்டிவிடுகிறாள். 17ஆம் நூற்றாண்டுப் பார்வையாளர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்று எம்மால் அவ்வளவு இலகுவாகச் சிரிக்க முடியாது. அடி வாங்கும் பெண்கள் அயலவரிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லிக் கதவை மூடுவது இன்றும் நடக்கிறது.

ஆயினும் கதையை முழுமையாகப் பார்த்தால், எல்லாவற்றையும் இயக்குபவள் மார்ட்டீன்தான் என்பது தெரியும். அவளது புத்தி இல்லையேல் வைத்தியனும் இல்லை, கதையும் இல்லை. ஸ்கானரெல்லின் கையிலிருந்த தடி அவன் முதுகுக்கே திரும்புகிறது. ஒபெராவில் அவளுக்கு இரண்டாவது பாடலே தனிப்பாடலாகக் கிடைக்கிறது. கணவனைத் தண்டிக்கும் வழி மனைவியின் கையில் எப்போதும் உண்டு என்பது அதன் பொருள். இருந்தும் கதையின் முடிவில் ஸ்கானரெல் மன்னிப்பவனாகவும், மார்ட்டீன் மன்னிக்கப்படுபவளாகவும் நிற்கிறார்கள். இதனை நாடகத்தின் குறை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பழைய படைப்பை மதிப்பது என்பது அதன் எல்லாச் சிரிப்பிலும் கலந்துகொள்வது என்று பொருளாகாது. இன்றைய நெறியாளர் ஒருவர் இதை மேடையேற்றினால், அவரது முதல் சோதனை இந்தக் காட்சியாகவே இருக்கும்.

மீண்டும் ஒரு மாற்றம்

குனோவோடு இப்பயணம் முடியவில்லை. 1924 ஜனவரியில் செர்கேய் தியாகிலெவ் மொன்டே கார்லோவில் இவ்வொபெராவை மேடையேற்றினார். அதற்காகப் பேச்சு வசனங்களுக்குப் பதிலாகப் பாடத்தக்க பகுதிகளை எரிக் சட்டி என்ற இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்தார். பேசப்பட்ட இடங்களும் பாட்டாகின. ஆக, செய்யுட் கதை நாடகமானது. நாடகம் வசனமும் பாட்டும் கலந்த ஒபெராவானது. அது பின்னர் முழுவதும் பாடப்படும் வடிவமும் பெற்றது. ஒவ்வொரு காலத்தவரும் தமக்குத் தேவையானதை இதில் தேடியிருக்கிறார்கள்.

முடிவாக

கொமெடி பிரான்சேஸ் அரங்கின் அச்சம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. பெரிய எழுத்தாளர் ஒருவரின் வசனத்தில் கைவைப்பது பொறுப்பான காரியம். ஆனால் மோலியரும் பழைய கதையொன்றில் கைவைத்தவர்தான். மீன்முள்ளை எடுத்துவிட்டு மௌனத்தை வைத்தார். குனோ அந்த மௌனத்தை இசை நிறைந்த மேடையில் நிறுத்தினார். இருவரும் மூலத்தில் ஏற்கெனவே மறைந்திருந்த ஒன்றைக் கண்டெடுத்தார்கள். தழுவல் எழுதும் மாணவர் எவரும் பேனாவை எடுக்குமுன், "இந்தக் கதையில் இன்னும் எவரும் கேட்காத குரல் யாருடையது?" என்று தம்மிடமே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இச்சஞ்சிகையைப் பெற்றோரும் வாசிப்பதால் ஒரு வார்த்தை. மகள் திடீரென அமைதியாகிவிட்டால் காய்ச்சலா, கண்ணூறா, பரீட்சைப் பயமா என்று தேடுவது பாசத்தின் அடையாளம். அதற்கு முன்னர் அவளிடமே கேட்கலாம். அவள் சொல்லும் பதில் நாம் எதிர்பார்த்ததாக இல்லாவிட்டாலும் முழுவதும் கேட்கலாம். ஜெரோந்த் செய்யத் தவறியது அதை மட்டும்தான்.